செல் உயிரியலும் மூலக்கூறு உயிரியலும்: இணையப் பல்கலைக்கழக விரிவுரைகளில் முறையாகக் கற்பது எப்படி?

தாம்பரத்தில் இருக்கும் என் சித்தி மகள் உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, முப்பது விரிவுரை பார்த்து முடித்துவிட்டேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. கேள்வித்தாளை எடுத்தால் ஒரு வரி எழுத வரவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

அவளுக்கு மட்டும் இல்லை. நல்ல பேராசிரியர் பேசும்போது எல்லாமே தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு அவருடையது. நம்முடையதாக அது இன்னும் மாறியிருக்காது. மார்கழி முழுவதும் கச்சேரி கேட்டாலும் நம் குரலில் ஒரு வர்ணம் வந்துவிடாது. அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எத்தனை இடத்தில் நிறுத்தினாய்?" அவள் எங்கேயும் நிறுத்தவில்லை. தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை மின்சார ரயிலில், காதில் மாட்டிக்கொண்டு, ஒரே ஓட்டமாகப் பார்த்திருந்தாள்.

அன்று முதல் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பிறகு விலங்கியல் பட்டம், இப்போது ஒரு நோய்க்கண்டறியும் ஆய்வகத்தில் வேலை. வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து இந்தப் பாடத்தை இணையத்தில் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்றேன்.

முதல் படி: ஒரே ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

இலவச வகுப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. அதனால்தான் பலரும் ஐந்தைத் தொடங்கி ஒன்றையும் முடிப்பதில்லை. எனக்குத் தெரிந்து மூன்று வாசல்கள் போதும்.

முதலாவது, எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர். சென்னைக்காரர்களுக்கு எம்.ஐ.டி. என்றால் குரோம்பேட்டைதான் நினைவுக்கு வரும். இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம். தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. அதில் 7.016 என்ற எண்ணுள்ள அறிமுக உயிரியல் வகுப்பை 2018இல் பார்பரா இம்பீரியாலியும் ஆடம் மார்ட்டினும் நடத்தினார்கள். சுமார் 35 விரிவுரைகள். தானாகக் கற்பவர்களுக்கென்றே அமைத்த 7.01எஸ்சி என்ற இன்னொரு வகுப்பும் உண்டு. அதில் எரிக் லேண்டர், ராபர்ட் வைன்பெர்க் போன்றவர்களின் விரிவுரைகளோடு பயிற்சிக் கேள்விகளும் விடைகளும் இருக்கின்றன. தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று என்பதே என் பரிந்துரை. காரணம், விடையோடு கூடிய கேள்விகள். கேள்வி இல்லாத விரிவுரைத் தொடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை முதல் வகுப்பாக எடுக்காதீர்கள்.

இரண்டாவது, என்.பி.டி.இ.எல். 2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இணைய வகுப்புத் திட்டம். வாராவாரம் பயிற்சித்தாள் வரும். கட்டணம் கட்டினால் தேர்வு மையத்தில் நேரில் எழுதிச் சான்றிதழ் பெறலாம். கெடு வைத்தால்தான் படிப்பேன் என்பவர்களுக்கு இது நல்லது.

மூன்றாவது, ஐபயாலஜி. செல்லுக்குள் சரக்கு இழுக்கும் கைனீசின் என்ற புரதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரான் வேல் 2006இல் தொடங்கிய காணொளித் தளம். கண்டுபிடித்தவர்களே தம் ஆய்வை விளக்குகிறார்கள். ஆனால் இது இரண்டாம் கட்டத்துக்கு உரியது. நான் இதைத்தான் முதலில் எடுத்தேன். மூன்று மாதம் வியந்துகொண்டே இருந்தேன், ஒன்றும் கற்கவில்லை.

பொறியியல் படித்தவர்கள், வணிகவியல் படித்தவர்கள் "எங்களுக்கு இது வருமா" என்று கேட்கிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின், மறுபடியும் மாணவராக உயிரியல் வகுப்பில் போய் உட்கார்ந்தவர். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வரிசையாகப் படித்தால் வரும்.

இரண்டாம் படி: பள்ளிப் பாடநூலோடு இரண்டு வாரம்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் மேல்நிலை வகுப்பு உயிரியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் செல், செல் சுழற்சி பற்றிய பாடங்கள். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மூலக்கூறு மரபியல். இரு மொழி நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அதன் கீழே உங்கள் சொந்த வாக்கியத்தில் பொருள். இருநூறு சொற்கள் சேர்ந்தால் எந்த விரிவுரையும் மிரட்டாது.

தமிழ்ச் சொற்கள் இங்கே வெறும் ஊன்றுகோல் இல்லை. டிரான்ஸ்கிரிப்ஷன், டிரான்ஸ்லேஷன் என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது இரண்டும் ஒரே மாதிரி ஒலித்து மாணவர்களைக் குழப்புகின்றன. தமிழில் படியெடுத்தல், மொழிபெயர்த்தல். படியெடுத்தல் என்றால் அதே மொழியில் நகல் எடுப்பது: டி.என்.ஏ. எழுத்துகளிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த ஆர்.என்.ஏ. எழுத்துகளுக்கு. மொழிபெயர்த்தல் என்றால் மொழியே மாறுகிறது: நான்கு எழுத்துள்ள நியூக்ளிக் அமில மொழியிலிருந்து இருபது எழுத்துள்ள அமினோ அமில மொழிக்கு. பொருளைச் சொல்லே சொல்லிவிடுகிறது. தமிழ்வழியில் படித்ததை ஒரு குறையாக மறைத்துக்கொள்ளும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

வேதியியலில் நான்கு செய்திகள் வேண்டும்: சகப்பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, மின்சுமைகளின் ஈர்ப்பு, எண்ணெய் ஏன் தண்ணீரோடு சேர்வதில்லை என்பது. செல் சவ்வு உருவாவதும் புரதம் மடிவதும் டி.என்.ஏ.வின் இரு இழைகள் ஒட்டிப் பிரிவதும் இந்த நான்குக்குள் அடங்கும். வகுப்பின் முதல் ஆறேழு விரிவுரைகள் இவற்றைத்தான் பேசும். "வேதியியல் அலுப்பு, நேராக மரபணுவுக்குப் போகிறேன்" என்று தாண்டியவர்கள், நான் பார்த்தவரை, நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: ஒரு விரிவுரையைப் பார்க்கும் விதம்

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை விடாதீர்கள்.

மூலக்கூறு உயிரியல் என்பது பரிசோதனைகளின் வரிசை. பாடநூல் முடிவை மட்டும் சொல்லும். நல்ல விரிவுரையாளர் முதலில் கேள்வியைச் சொல்வார், பிறகு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வார், அதன்பின் என்ன கிடைத்தது என்பதைச் சொல்வார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே காணொளியை நிறுத்துங்கள். என்ன கிடைத்திருக்கும் என்று தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகே ஓட விடுங்கள்.

மெசெல்சனும் ஸ்டாலும் 1958இல் வெளியிட்ட பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். எல்லா அறிமுக வகுப்பிலும் இது வரும். டி.என்.ஏ. தன்னை இரட்டிக்கும்போது பழைய இழைகள் என்ன ஆகின்றன என்பது கேள்வி. மூன்று வாய்ப்புகள் இருந்தன. பழைய இரண்டு இழைகளும் சேர்ந்தே இருக்க, புதிதாக ஒரு முழு மூலக்கூறு உருவாகலாம். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என்று ஆகலாம். அல்லது பழையதும் புதியதும் துண்டு துண்டாக எல்லா இழைகளிலும் கலந்திருக்கலாம்.

அவர்கள் ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 கலந்த ஊடகத்தில் பல தலைமுறை வளர்த்தார்கள். டி.என்.ஏ. முழுவதும் கனமாகிவிட்டது. பிறகு சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ.வை எடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். கனத்துக்கு ஏற்ற உயரத்தில் டி.என்.ஏ. பட்டையாக நிற்கும்.

இங்கே நிறுத்துங்கள். தாளில் மூன்று நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு வாய்ப்புக்கும் முதல் தலைமுறையில் எத்தனை பட்டை, எங்கே நிற்கும் என்று வரையுங்கள். இரண்டாம் தலைமுறைக்கும் வரையுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

ஓட விட்டால், முதல் தலைமுறையில் நடு உயரத்தில் ஒரே பட்டை. உங்கள் தாளைப் பாருங்கள்: முதல் வாய்ப்பு விழுந்துவிட்டது, ஏனெனில் அது கனமானது ஒன்று, லேசானது ஒன்று என இரண்டு பட்டைகளைக் கேட்கும். ஆனால் மற்ற இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டாம் தலைமுறையில் நடுவில் ஒன்று, லேசான இடத்தில் ஒன்று, சம அளவில் இரண்டு பட்டைகள். துண்டு துண்டாகக் கலந்திருந்தால் ஒரே பட்டைதான் வந்திருக்கும், அதுவும் நடுவுக்கும் லேசுக்கும் இடையில். ஆக மூன்றாவதும் விழுந்தது. மிஞ்சியது ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது.

என் சித்தி மகள் இந்தப் படத்தைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். இரண்டாம் தலைமுறை எதற்குத் தேவைப்பட்டது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அன்று இரவு தானே வரைந்து பார்த்துவிட்டு, "அக்கா, முதல் தலைமுறையோடு நிறுத்தியிருந்தால் மீதி இரண்டில் எது என்று நிரூபித்திருக்க முடியாது" என்றாள். மூன்றாம் தலைமுறையையும் கணக்கிடச் சொன்னேன். கால் பங்கு நடுவில், முக்கால் பங்கு லேசில் என்று உடனே சொன்னாள்.

ஒரு மணி நேர விரிவுரைக்கு இப்படி மூன்று மணி நேரம் ஆகும். வாரத்துக்கு மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். நாங்கள் நான்கு மாதத்தில் முடித்தோம்.

ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, எழுத்து வரிகளை ஓட விடுங்கள். எம்.ஐ.டி. பக்கத்தில் விரிவுரையின் முழு எழுத்துப்படியும் கிடைக்கிறது; முதலில் அதை ஒருமுறை வாசித்துவிட்டுக் காணொளிக்குப் போவது இன்னும் எளிது. ரயில் பயணம் வீண் என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே தாளோடு உட்கார்ந்து பார்த்த விரிவுரையை இரண்டாம் முறை கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

நான்காம் படி: எண்களைப் போட்டுப் பாருங்கள்

உயிரியலில் கணக்கு இல்லை என்று நம்பித்தான் நம்மில் பலர் இந்தப் பக்கம் வருகிறோம். ஆனால் எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதுதான் செல் கண்முன்னே வருகிறது.

மனித செல் ஒன்றின் டி.என்.ஏ.வில், ஏணிப்படிகள் போல இரு இழைகளையும் சேர்க்கும் கார இணைகள் சுமார் 640 கோடி. இணைக்கு 0.34 நானோமீட்டர் நீளம். பெருக்கினால் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். இது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் இருக்கிறது. இதைக் கணக்கிட்ட பிறகு, ஹிஸ்டோன் புரதங்கள் டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் விரிவுரையைப் பாருங்கள். அது ஏன் வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிராது.

இன்னொன்று. ஈ.கோலையின் மரபணுத்தொகுப்பு சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு வளையம். இரட்டிப்பாதல் ஓர் இடத்தில் தொடங்கி, இரண்டு கவைகளாக இரு திசையிலும் ஓடுகிறது. ஒவ்வொரு கவையும் நொடிக்குச் சுமார் ஆயிரம் இணைகளைத் தாண்டும். அப்படியானால் முழு வளையத்தையும் நகலெடுக்க 2,300 நொடிகள், ஏறத்தாழ 38 நிமிடம். ஆனால் சத்தான ஊடகத்தில் இந்த பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. 38 நிமிட வேலையை 20 நிமிடத்தில் முடிப்பது எப்படி? அடுத்த பத்தியைப் படிக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

முதல் சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பிறக்கும் மகள் செல், பாதி நகலெடுக்கப்பட்ட டி.என்.ஏ.வோடுதான் பிறக்கிறது. பாட்டி செல் தொடங்கிய வேலையைப் பேத்தி செல் முடிக்கிறது. இதை முதன்முதலில் நானே கணக்குப் போட்டுக் கண்டபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கைனீசினையும் இப்படிப் பாருங்கள். அது ஓர் அடி வைத்தால் 8 நானோமீட்டர். ஓர் அடிக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. முதுகுத்தண்டிலிருந்து கால் நோக்கி ஒரு மீட்டர் நீளும் நரம்பிழையில் கடைசிவரை நடக்க 12.5 கோடி அடிகள்.

ஐந்தாம் படி: பயிற்சிக் கேள்விகள்

விடையைப் பார்க்காமல் குறைந்தது அரை மணி நேரம் ஒரு கேள்வியோடு இருங்கள். தப்பான விடையை அழிக்காதீர்கள். அருகில் வேறு மையால், எங்கே சறுக்கினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு விரிவுரையின் கேள்விகளில் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

ஐயம் வந்தால் அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. நடத்தும் "புத்தக அலமாரி" என்ற இணைய நூலகத்தில் தேடலாம். ஆல்பர்ட்ஸும் சக ஆசிரியர்களும் எழுதிய பெரிய செல் உயிரியல் பாடநூலின் 4ஆம் பதிப்பு அங்கே இலவசமாக இருக்கிறது. வரிசையாகப் புரட்ட முடியாது, சொல்லைப் போட்டுத் தேடித்தான் பக்கத்தைத் திறக்க வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பதிப்பு என்பதால் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை போன்ற பின்னாளைய செய்திகளை அதில் தேடாதீர்கள்.

வீட்டில் அமைதி கிடைக்காதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கேள்விகளைப் போட்டோம். இருவர் சேர்ந்து படிப்பதில் ஒரு பெரிய நன்மை: உங்கள் முன்கணிப்பை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போது ஓட்டை உடனே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: மூலக்கூறைத் திருப்பிப் பாருங்கள்

புரதங்களின் அமைப்பைப் பேசும் விரிவுரை வந்ததும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தைத் திறங்கள். 1971இல் தொடங்கிய பொதுக் களஞ்சியம் அது. மூலக்கூறைச் சுட்டியால் பிடித்து எந்தப் பக்கமும் திருப்பலாம், மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

முதலில் தேட வேண்டியது கொலாஜன் என்பேன். காரணம் நம் ஊர்தான். 1952இல் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். தோல் என்றாலே கொலாஜன். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய திருகு அமைப்பை முன்வைத்தார்கள். எழுந்த எதிர்ப்புகளுக்குப் பதில் தேடும் வழியில், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்ற கேள்வி பிறந்தது. அதன் விளைவாக 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் புதிய புரத அமைப்பு ஒன்று சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அதைப் பார்க்கிறார்கள்.

திரையில் கொலாஜனை நீளவாட்டில் நிறுத்தி, மேலிருந்து கீழாக உள்ளே பாருங்கள். மூன்று இழைகளும் சேரும் நடுப்பகுதியில் இடமே இல்லை. ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் ஏன் கிளைசினாக இருக்கிறது என்பதை அப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்: இருபதில் மிகச் சிறியது அதுதான், வேறெதுவும் அங்கே நுழையாது. சர்தார் படேல் சாலை வழியாகப் பல ஆண்டுகள் பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்த மதிலுக்குப் பின்னால் இது நடந்தது என்று எங்கள் கல்லூரியில் ஒருவரும் சொன்னதில்லை. கடல் கடந்த ஒரு வகுப்பறையில் ஒரு பேராசிரியர் ராமச்சந்திரனின் பெயரைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் அறிந்தேன்.

ஏழாம் படி: திரைக்கு வெளியே

செல்லின் உள்ளுறுப்புகளான எண்டோபிளாச வலை, கோல்கை, பிறகு செல் சுழற்சி, சமிக்ஞை கடத்தல் ஆகியவை வகுப்பின் பின்பாதியில் வரும். அடித்தளம் உறுதியாக இருந்தால் இவை வேகமாகப் போகும். அதன்பின் ஐபயாலஜியில் உங்களுக்குப் பிடித்த ஒரு விஞ்ஞானியின் தொடரை எடுங்கள். பெரும்பாலும் முதல் பகுதி அறிமுகமாக இருக்கும், அடுத்தவை ஆய்வுக்குள் போகும்.

திரவத்தைத் துல்லியமாக அளந்தெடுக்கும் பிப்பெட் கருவியைப் பிடிக்கும் கையைக் காணொளி தராது. ஆய்வக வாய்ப்பு உள்ளவர்கள் அதை விடாதீர்கள். இல்லாதவர்கள் சமையலறையிலிருந்து தொடங்கலாம். அரை வாழைப்பழத்தை நன்றாக மசித்து, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மெதுவாகக் கிளறி வடிகட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை உறைபெட்டியிலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம். இறுக மூடிய பாட்டிலைப் பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்தில் குளிரவைத்து, சாய்த்த டம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் சேரும் எல்லையில் வெள்ளை நூல் எழும்பும். சோப்பு சவ்வின் கொழுப்பைக் கரைத்தது. உப்பு டி.என்.ஏ.வின் எதிர்மின்சுமையை மறைத்தது. ஆல்கஹாலில் அது கரைந்திருக்க முடியாமல் வெளியே வந்தது.

அந்த நூலைக் குச்சியில் சுற்றி எடுத்துக் காட்டியபோது சித்தி மகள் கேட்டாள்: "இது டி.என்.ஏ. தான் என்று எப்படித் தெரியும் அக்கா? புரதமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமே?" வந்திருக்கும். மரபுப் பண்பைக் கடத்தும் பொருள் எது என்று தேடிய ஏவரியும் அவருடைய இரு சகாக்களும் 1944இல் ஒரு பாக்டீரியாச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள். அந்தப் பரிசோதனை வரும் விரிவுரையைப் போட்டோம். அவர்கள் எந்தெந்த நொதிகளைச் சேர்த்தார்கள் என்று பேராசிரியர் சொல்லி முடித்ததும் அவளே கை நீட்டி நிறுத்தினாள். நோட்டைத் திறந்து, நெடுவரிசைக்குக் கோடு போடத் தொடங்கினாள்.